முதல் பாட்டில் எது? வீட்டுக்கு எசென்ஷியல் ஆயில் வாங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

எசென்ஷியல் ஆயில் என்பது செடிகளிலிருந்து எடுக்கும் அடர்ந்த நறுமண எண்ணெய். அதன் 10 மி.லி. பாட்டில் ஒன்றில் ஏறத்தாழ 200 சொட்டு இருக்கும். தூங்கப் போகும்போது பஞ்சில் 2 சொட்டு விட்டுத் தலைமாட்டில் வைத்தால், அது 100 இரவுக்கு வரும். வீடு துடைக்கும் வாளிக்கு 10 சொட்டு என்றால் 20 தடவை துடைக்கலாம். குச்சி செருகிய கண்ணாடிப் புட்டியில் வைத்து வரவேற்பறையை மணக்க வைக்க நினைத்தால், 100 மி.லி. கலவைக்கே 20 முதல் 30 மி.லி. எண்ணெய் வேண்டும். இரண்டு மூன்று பாட்டில் ஒரே நாளில் காலி.

அதனால்தான் "சளிக்கு எது, தூக்கத்துக்கு எது" என்று எண்ணெயில் தொடங்குவது சரியான வரிசை ஆகாது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எந்த வழியில் பயன்படுத்தப் போகிறீர்கள் என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்யுங்கள். அதற்குப் பிறகு எண்ணெய்களில் மிஞ்சுவது நாலைந்துதான்.

முதலில் வீட்டில் இருப்பவர்கள்

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கிற வீட்டில் யூகலிப்டஸ், பெப்பர்மின்ட், கற்பூரம் மூன்றையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். பெப்பர்மின்டில் உள்ள, குளிர்ச்சி தரும் மென்தால் பச்சிளங்குழந்தையின் மூக்கருகே பட்டால் மூச்சுக்குழல் சட்டென்று இறுகி, மூச்சு தடைபடலாம். யூகலிப்டஸ் எண்ணெயை ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி. விழுங்கினாலே சிறு குழந்தைக்கு மயக்கமும் வலிப்பும் வரக்கூடும். கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிக் குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். அன்பில் செய்வதுதான். ஆனால் கற்பூரம் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும்; இரண்டு வயதுக்குள் அது வேண்டவே வேண்டாம். பத்து வயது வரைக்கும் யூகலிப்டசை முகத்தருகே கொண்டுபோகாமல் இருப்பது நல்லது.

வீட்டில் யாருக்காவது வலிப்பு நோய் இருந்தால் வயது எதுவானாலும் இதே விதிதான். யூகலிப்டசும் கற்பூரமும் சேர்ந்த தைலங்கள் பெரியவர்களுக்கே வலிப்பைத் தூண்டியதை இந்திய நரம்பியல் மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவு செய்திருக்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அறை முழுக்கப் பரப்பும் எந்த வழியும் வேண்டாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தோலில் பூச வேண்டாம். பூனை வளர்ப்பவர்கள் டீ ட்ரீ எண்ணெயை வாங்காமலே இருப்பது மேல். இந்த எண்ணெய்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும் பழக்கமும் அதற்கு உண்டு.

எந்த வழி?

பஞ்சு அல்லது டிஷ்யூ காகிதம்: தொடங்குபவருக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், மணம் பிடிக்கவில்லை என்றால் தூக்கி வெளியே போட்டுவிடலாம். 2 சொட்டு விட்டு ஒரு சின்னத் தட்டில் வைத்து, தலையணையிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். தலையணை உறையிலேயே நேரடியாக விடுவதால் கறை படியும், இரவெல்லாம் கன்னத்தில் நீர்க்காத எண்ணெய் பட்டுக்கொண்டிருக்கும். எலுமிச்சை, ஆரஞ்சு போன்றவை அரைமணியில் மறைந்துவிடும்; லாவெண்டர் ஒன்றிரண்டு மணி நேரம் நிற்கும்.

டிஃப்யூசர்: தண்ணீரை அதிர வைத்துப் பனியாக்கும் கருவி. 100 மி.லி. தண்ணீருக்கு 3 அல்லது 4 சொட்டு போதும். ஏசி போட்டு மூடிய அறையில் அதிலும் பாதி. அரைமணி ஓட விட்டு, ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். மூக்கு ஒரு மணத்துக்குச் சில நிமிடங்களில் பழகிவிடும். மணம் வரவில்லையே என்று இன்னும் பத்து சொட்டு விடுபவர்களுக்குத்தான் தலைவலி வருகிறது. பனி வராமல் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்: தண்ணீர் உச்ச அளவுக் கோட்டைத் தாண்டியிருக்கும், அடியில் உள்ள வட்டத் தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும், அல்லது உப்புத் தண்ணீரின் வெள்ளைப் படிவு ஏறியிருக்கும். வாரம் ஒருமுறை வெள்ளை வினிகரைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் தகட்டைத் துடைத்தால் சரியாகும். போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். அதிலுள்ள உப்பு பனியோடு பறந்து மேசையிலும் டிவியிலும் வெண்தூளாகப் படியும். வாங்குவதற்கு முன் இன்னொன்றையும் யோசியுங்கள். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். மூடிய அறையில் இன்னும் ஈரத்தை ஏற்றுவது சுவரில் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். அந்த ஊர்க்காரர்களுக்குப் பஞ்சே போதும்.

சூடாக்கும் விளக்கு: மெழுகுத்திரி வைக்கும் பீங்கான் கிண்ணமும், பிளக்கில் செருகும் கற்பூர விளக்கும் இந்த வகை. பீங்கான் கிண்ணத்தில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி வெந்நீர் ஊற்றி 4 சொட்டு விட வேண்டும். சிறிய மெழுகுத்திரி நாலு மணி நேரம் எரியும். கிண்ணத்துத் தண்ணீர் அதற்கு வெகு முன்பே வற்றிவிடும். வற்றிய கிண்ணத்தில் எண்ணெய் கருகும், பீங்கான் விரியும், சில வேளை தீயும் பற்றும். யூகலிப்டஸ், ஆரஞ்சு எண்ணெய்களின் ஆவி 50 டிகிரி செல்சியசை ஒட்டிய சூட்டிலேயே நெருப்புக் காட்டினால் பற்றிக்கொள்ளும். பூஜை அறை விளக்கு அருகே பாட்டிலைத் திறக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். இரண்டில் ஒன்றை எடுப்பதானால், சுடர் இல்லாத பிளக் விளக்கை எடுங்கள்.

வேது பிடித்தல்: ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கி இரண்டு நிமிடம் ஆற விட்டு, 1 அல்லது 2 சொட்டு யூகலிப்டஸ். கண்ணை மூடிக்கொண்டு, ஓரடி உயரத்தில் முகத்தை வைத்து, ஐந்து நிமிடம். கொதிக்கும்போதே எண்ணெயை ஊற்றினால் அத்தனையும் முதல் சில நொடிகளில் ஒரே வீச்சாக எழும்பிக் கண்ணை எரிக்கும். குழந்தைகளுக்கு இந்த வழியே வேண்டாம். எண்ணெயைவிடக் கவிழும் வெந்நீர்தான் அங்கே பெரிய ஆபத்து. இந்த இடத்தில் நொச்சியைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு கைப்பிடி நொச்சி இலையிலிருந்து வெந்நீரில் இறங்கும் எண்ணெய் மிகச் சொற்பம்; அதனால் அளவு தவறினாலும் பெரிதாகக் கெடுதல் வராது. பாட்டிலில் இருப்பதோ கிலோக் கணக்கான இலையிலிருந்து வடித்து எடுத்தது. பெரியவர்களுக்கு மூக்கடைப்பு என்றால், வேலியில் நொச்சி இருக்கிற வீட்டுக்கு யூகலிப்டஸ் பாட்டில் அவசியமில்லை.

தோலில் பூசுவது: எப்போதும் ஒரு சமையல் எண்ணெயிலோ ஜொஜோபா எண்ணெயிலோ கலந்துதான். 1 மி.லி.க்கு 20 சொட்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 10 மி.லி. எண்ணெயில் 2 சொட்டு கலந்தால் 1 விழுக்காடு; இது முகத்துக்கும், முதன்முறை பூசுபவருக்கும். 4 சொட்டு என்றால் 2 விழுக்காடு. கை, கால், முதுகுக்கு. தேங்காய் எண்ணெய் நல்லதுதான், ஆனால் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஊட்டி, கொடைக்கானலில் உருட்டிப் பூசும் பாட்டிலில் ஊற்றினால் உருளையே நகராது. பரு உள்ள முகத்துக்கும் அது ஒத்துவராது, துளைகளை அடைக்கும். நல்லெண்ணெயின் சொந்த மணம் லாவெண்டரை அமுக்கிவிடும். கலந்த எண்ணெயை முன்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டு தடவி 24 மணி நேரம் பார்த்த பிறகே மற்ற இடங்களில் பூசுங்கள்.

குளிக்கும் வாளியில் நேரடியாகச் சொட்டு விடுவது பரவலாக நடக்கும் தவறு. எண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே மிதக்கும். முதல் குவளையை மொண்டு ஊற்றும்போது அத்தனையும் நீர்க்காமல் தோலில் படும். குளியலறை மணக்க வேண்டுமானால், தண்ணீர் படாத மூலையில் 3 சொட்டு விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு குளியுங்கள்.

வீடு துடைப்பதிலும் இதே மிதக்கும் சிக்கல்தான். முதலில் 10 சொட்டை ஒரு மேசைக்கரண்டி பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் குழைத்து, பிறகு 5 லிட்டர் வாளித் தண்ணீரில் கலக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் மாப் முதலில் தொட்ட இடம் மட்டும் கமகமக்கும், பாலிஷ் போட்ட மர அலமாரி அடியில் வெள்ளைத் திட்டு விழும். மணத்துக்காகத் துடைக்கிறோம் என்பது நினைவில் இருக்கட்டும். இந்த அளவில் அது கிருமிநாசினி ஆகாது.

எந்த எண்ணெய்?

எலுமிச்சைப்புல் எண்ணெயும் சிட்ரோனெல்லாவும் ஒரே புல் குடும்பம். கடையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், மணமும் நெருக்கம். கேரளத்தின் மலைச்சரிவுகளில் விளையும் எலுமிச்சைப்புல் வகையின் எண்ணெய் உலகச் சந்தையில் கொச்சி எண்ணெய் என்றே பெயர் பெற்றது. அங்குள்ள ஓடக்காலியில் 1951-ல் அதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். சிட்ரோனெல்லாவில் இலங்கை வகை, ஜாவா வகை என்று இரண்டு உண்டு. ஜாவா வகை மென்மையானது. வீடு துடைக்க, குப்பைத்தொட்டி, செருப்பு அலமாரி வாடை போக என்றால் எலுமிச்சைப்புல்லுக்குத்தான் என் வாக்கு. நம் நாட்டிலேயே விளைவதால் விலை குறைவு, கலப்படம் செய்து பெரிய லாபமும் இல்லை. ஆனால் தோலுக்கு இது கடுமை. இதிலுள்ள சிட்ரால் என்ற மணப்பொருள் ஒவ்வாமையைத் தூண்டும், பூசும் கலவையில் இந்த எண்ணெய் 0.7 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது நறுமண எண்ணெய்ப் பாதுகாப்பு நூல்கள் வகுத்த எல்லை. 10 மி.லி.க்கு ஒரே ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

சிட்ரோனெல்லாவைக் கொசுவுக்காகத்தான் வாங்குகிறார்கள். 2002-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் டீட் என்ற கொசுவிரட்டி வேதிப்பொருள் 23.8 விழுக்காடு உள்ள பூச்சு சராசரியாக 300 நிமிடம் கொசுக்கடியைத் தடுத்தது. சோதித்த சிட்ரோனெல்லாப் பூச்சுகளோ 20 நிமிடத்தைக்கூட எட்டவில்லை. மாலையில் திண்ணையில் உட்காரும்போது கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். டெங்கு பரவும் மாதங்களில் இதை நம்பிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். கொசுவலை, மூடிய தண்ணீர்த் தொட்டி, சோதித்து நிரூபித்த பூச்சு என்பவற்றின் இடத்தை எந்த மணமும் பிடிக்காது.

லாவெண்டரில் ஏமாற்றம் பெயரிலேயே தொடங்குகிறது. மென்மையான மணமுள்ள உண்மை லாவெண்டரின் தாவரப் பெயர் லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா. லாவண்டின் என்பது ஒட்டு இனம். ஏக்கருக்கு விளைச்சல் அதிகம், விலை குறைவு, கற்பூர வாடை கூடுதல். அலமாரித் துணிக்கும் சோப்புக்கும் லாவண்டின் தாராளமாகப் போதும். படுக்கையறைக்கு அது சற்று உறுத்தும். அங்கே உண்மை லாவெண்டரையே எடுங்கள். ஜம்முவின் பதர்வா பகுதி உழவர்கள் கடந்த சில ஆண்டுகளாக மக்காச்சோளத்தை விட்டு லாவெண்டருக்கு மாறியிருக்கிறார்கள், அதனால் நல்ல இந்திய எண்ணெயே இப்போது கிடைக்கிறது. தூக்கத்துக்கு உதவுமா? படுக்கும் முன் மனம் அமைதிப்பட உதவலாம். மாதக்கணக்கான தூக்கமின்மைக்கு இது மருந்து ஆகாது.

டீ ட்ரீ என்பது தேயிலை இல்லை. ஆஸ்திரேலியாவில் வளரும் மெலலூக்கா மரத்தின் இலை எண்ணெய். வீட்டு எண்ணெய்களில் ஆய்வுகளின் துணை ஓரளவு தெளிவாக இருப்பது இதற்குத்தான். 1990-ல் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வில் 5 விழுக்காடு டீ ட்ரீ களிம்பு, பருவுக்கு வழக்கமாகத் தரும் பென்சாயில் பெராக்சைடைவிட மெதுவாக வேலை செய்தது, ஆனால் எரிச்சல் குறைவு. பொடுகுக்கு 5 விழுக்காடு ஷாம்பு நாலு வாரத்தில் பலன் காட்டியிருக்கிறது. கணக்கைப் பாருங்கள்: 100 மி.லி. ஷாம்புவில் 5 விழுக்காடு என்றால் 5 மி.லி., அதாவது அரைப் பாட்டில். "நாலு சொட்டு கலந்தேன், பொடுகு போகவில்லை" என்பதன் விடை அதில் இருக்கிறது. கலந்த ஷாம்புவை மூன்று நிமிடம் தலையில் விட்டு அலசுங்கள், கண்ணில் படாமல். காற்றுப் பட்டுப் பழையதான டீ ட்ரீ தோலை அரிக்க வைக்கும். ஆகவே பெரிய பாட்டில் மலிவு என்று வாங்காதீர்கள்.

யூகலிப்டசுக்கும் பெப்பர்மின்டுக்கும் இடையே தேர்வு எளிது. நீலகிரிக்கு யூகலிப்டஸ் மரம் வந்தது 1843-ல். நீலகிரித் தைலம் என்று தமிழ்நாடு முழுக்க அறியப்படுவது யூகலிப்டஸ் குளோபுலஸ் இலையிலிருந்து வடிப்பது. மூக்கடைப்புக்கு வேது பிடிக்க அதுவே போதும். பெப்பர்மின்ட் என்ற பெயரில் கிடைப்பதில் ஒரு பகுதி, உத்தரப் பிரதேசத்தில் பெருமளவில் விளையும் மென்தால் புதினாவின் எண்ணெய். மணம் கரடு, குளிர்ச்சி அதிகம். தலைவலிக்கு நெற்றியோரம் பூச ஒரு சொட்டை அரைத் தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் கலந்தால் போதும், கண்ணுக்கு இரண்டு விரல் தள்ளி. பூசிய கையைக் கழுவாமல் கண்ணைத் தொடுவதுதான் இதில் வழக்கமாக நேரும் விபத்து.

எலுமிச்சை, நாரத்தை, பெர்கமாட் எண்ணெய்களைத் தோலுக்கு வாங்காதீர்கள். தோலைப் பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெய் பூசிய இடத்தில் வெயில் பட்டால் கருத்துக் கொப்புளிக்கும். நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டாத வம்பு.

ஆக, சிறு குழந்தையும் பூனையும் இல்லாத வீட்டுக்கு எலுமிச்சைப்புல், உண்மை லாவெண்டர் என்ற இரண்டு பாட்டிலோடு தொடங்கச் சொல்வேன். பரு, பொடுகு இருந்தால் மூன்றாவதாக டீ ட்ரீ. யூகலிப்டஸ், பூட்டி வைக்க இடம் இருப்பவர்களுக்கு மட்டும்.

கடையில் நிற்கும்போது

நல்ல பாட்டிலில் தாவரவியல் பெயர், எந்தப் பாகத்திலிருந்து எடுத்தது, எந்த நாடு, தொகுதி (பேட்ச்) எண் நான்கும் இருக்கும். கண்ணாடி அடர்பழுப்பு நிறத்தில், வாயில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடும் அடைப்போடு இருக்கும். ரப்பர் குமிழ் வைத்த மூடி வேண்டாம், எண்ணெய் ரப்பரைக் கரைத்துவிடும். ஒரு கடையில் சந்தனம், ரோஜா, மல்லி, ஆரஞ்சு நான்கும் ஒரே விலையில் இருந்தால் திரும்பிவிடுங்கள். அவை செயற்கை வாசனைத் திரவங்கள். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூன்று நாலு டன் இதழ் வேண்டும். மல்லிகையை ஆவியில் வடிக்கவே முடியாது, வெப்பத்தில் மணம் கெடும்; சத்தியமங்கலம், கோவைப் பக்க ஆலைகளில் கரைப்பான் கொண்டு பிரிக்கிறார்கள், ஆயிரம் கிலோ பூவுக்கு ஒன்றிரண்டு கிலோதான் தேறும். அதை ஆரஞ்சு விலைக்கு யாராலும் கொடுக்க முடியாது.

வாங்கி வந்ததும் வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வையுங்கள். வடை வைத்த தாள் போல எண்ணெய்க் கறை நின்றால் சமையல் எண்ணெய் கலந்திருக்கிறது. வெட்டிவேர், சந்தனம் மட்டும் மெதுவாகவே உலரும். கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் பால் போலக் கலங்கக் கூடாது. கலங்கினால் ஆல்கஹாலோ, எண்ணெயைத் தண்ணீரில் கலக்க வைக்கும் குழைப்பானோ சேர்ந்திருக்கிறது. இந்த இரண்டும் முரட்டுக் கலப்படத்தை மட்டுமே காட்டும். ஆய்வகத்தில் செய்த மணச்சேர்க்கையைப் பிடிக்க, எண்ணெயில் என்னென்ன சேர்மங்கள் எவ்வளவு என்று காட்டும் ஜிசி-எம்எஸ் என்ற ஆய்வக அறிக்கைதான் வழி. தொகுதி எண்ணைச் சொல்லி அதைக் கேளுங்கள். பொறுப்பான விற்பனையாளர் அனுப்புவார்.

தவறிப்போனால்

குழந்தை குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வெளியே வரும் எண்ணெய் மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் நுரையீரல் வெந்துபோகும். விழுங்கியதைவிட அதுவே கொடியது. குழந்தை நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், பாட்டிலையும் கையோடு கொண்டு போங்கள்.

கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரை 15 நிமிடம் ஊற்றிக் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். தோல் எரிந்தால் தண்ணீரை மட்டும் ஊற்றுவது போதாது. தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து எடுத்துவிட்டு, பிறகு சோப்புப் போடுங்கள். "இயற்கையானது, ஒரு சொட்டுக் குடித்தால் என்ன" என்று விற்பவர் சொன்னாலும் வீட்டில் யாரும் குடிக்க வேண்டாம்.

பாட்டிலைத் திறந்த அன்றே மாதமும் ஆண்டும் எழுதி ஒட்டுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு, டீ ட்ரீ ஒரு வருடம். லாவெண்டர், எலுமிச்சைப்புல் இரண்டு வருடம் என்று வைத்துக்கொள்ளலாம். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதானால், பிள்ளைகள் கைக்கு எட்டாத மேல்தட்டில், பூட்டிய டப்பாவில். சமையலறை அலமாரி, கார், ஜன்னலோரம் மூன்றும் சூட்டால் எண்ணெயைக் கெடுக்கும். நாள் கடந்த பாட்டில் தோலுக்கு ஆகாது. எலுமிச்சைப்புல்லாக இருந்தால், கையுறை போட்டுக்கொண்டு அடுத்த நாலைந்து தடவை வீடு துடைக்கும் வாளியில் தீர்த்துவிடலாம்.